பேஸ் ஆம்ப்பும் ஸ்பீக்கர் பெட்டியும் ஒத்துப்போகாதபோது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் தங்கள் ஆம்ப்பைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் "வாட் போதவில்லை" என்ற முடிவில்தான் வந்து நிற்கின்றன. அந்த முடிவு பல சமயங்களில் தவறானது. ஓம் கணக்கு, இடையில் உள்ள கேபிள், ஸ்பீக்கர் கோன் (முன்னும் பின்னும் அசைந்து ஒலியெழுப்பும் கூம்பு) நகரக்கூடிய தூரம், பெட்டி நிற்கும் இடம் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும் முன் பெரிய ஆம்ப் வாங்குபவர், பழைய குறையையே கூடுதல் வாட்டுடன் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ஆகவே, வாட் கணக்கைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, காதுக்குக் கேட்கும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வழியை இங்கே தருகிறேன்.

தொடங்கும் முன் எழுதிவைக்க வேண்டியவை

ஆம்ப்பின் பின்புறம் ஸ்பீக்கர் வெளியீட்டுக்கு அருகே அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம், அந்த ஓமில் ஆம்ப் தரும் வாட், ஒவ்வொரு பெட்டியின் ஓம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு கிழிந்துபோயிருந்தால் ஒரு மல்டிமீட்டர் போதும். பெட்டியை ஆம்ப்பிலிருந்து கழற்றி, ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையின் இரண்டு தொடுபுள்ளிகளுக்கும் இடையே மின்தடையை அளந்தால், 8 ஓம் பெட்டி ஏறத்தாழ 5.5 முதல் 7 வரையிலும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.5 வரையிலும் காட்டும். மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை. பெட்டியில் எழுதியிருப்பதோ அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் இம்பீடன்ஸின் (மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின்) பெயரளவு மதிப்பு. அதனால் இரண்டும் ஒன்றாக இராது. மீட்டரில் குறைவாகக் காட்டுவதே இயல்பு.

இந்த ஓர் அளவீடே சில குறைகளை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். உதாரணமாக, நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் சேர்த்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் கொடுத்தால் மொத்தம் 8 ஓம் வரும். அப்படி அமைந்த பெட்டியில் ஒரே ஒரு ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) அறுந்தாலும் அதன் ஜோடியும் சேர்ந்து ஊமையாகிவிடும். மீட்டர் 6க்குப் பதிலாக 12 அளவில் காட்டும். வாசிப்பவருக்கு அது "சத்தம் கொஞ்சம் குறைந்ததுபோல இருக்கிறது" என்ற அளவில்தான் தெரியும். மீதி இரண்டு ஸ்பீக்கர்களும் ஒலித்துக்கொண்டே இருப்பதால் பெட்டியின் மேல் சந்தேகம் வருவதில்லை.

இனி ஓம் கணக்கு. பெட்டியின் பின்னால் இரண்டு சாக்கெட்டுகள் இருந்தால், அவை ஏறக்குறைய எப்போதும் பக்க இணைப்பில்தான் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கேபிள் கொடுத்தாலும், ஆம்ப்பின் இரண்டு வெளியீடுகளிலிருந்து தனித்தனியாகக் கொடுத்தாலும் கணக்கு ஒன்றே. 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2.67 ஓம்.

ஆம்ப் சூடாகி, வாசிப்பின் நடுவே அணைந்துவிடுகிறது

ஆம்ப் அணைந்து சில நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பி வந்தால், பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். இதற்கு முதல் காரணமாக நான் சந்தேகிப்பது ஓம் அளவையே. 4 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். அந்தத் திறனைத் தர அது ஏறத்தாழ 44.7 வோல்ட் மின்னழுத்தத்தில் 11.2 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அதே மின்னழுத்தத்தில் 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்த 2.67 ஓம் சுமையைக் கொடுத்தால், கேட்கப்படும் மின்னோட்டம் 16.7 ஆம்பியருக்கு ஏறிவிடும். அந்த ஆம்ப்பின் வெளியீட்டுப் பகுதி அதற்காக அமைக்கப்பட்டதல்ல. மெதுவாக வாசிக்கும்போது எதுவும் தெரியாமல் இருந்து, பாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் அணைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

சோதனை எளிது. ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு 8 ஓம் பெட்டியை மட்டும், சரியாக இருப்பதாக உறுதியாகத் தெரிந்த கேபிளில் இணைத்து, அதே ஒலியளவில் வாசியுங்கள். இப்போது அணையவில்லை என்றால் குறை சுமையில் இருக்கிறது. அப்போதும் அணைந்தால் காற்றோட்டத்தைப் பாருங்கள்: ஆம்ப்பின் விசிறித் துளைகள் திரைச்சீலையாலோ பையாலோ மூடப்பட்டிருக்கலாம், உள்ளே தூசி அடைந்திருக்கலாம், இரண்டு கருவிகளுக்கு இடையே ரேக்கில் நெருக்கி வைக்கப்பட்டிருக்கலாம். அதுவும் சரியென்றால், மேடை மின்சாரம் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வழியாக வருகிறதா என்று பாருங்கள். உச்ச ஒலியில் மின்னழுத்தம் தாழ்ந்தாலும் சில ஆம்ப்கள் தங்களை அணைத்துக்கொள்ளும்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் கோம்போ ஆம்ப்களில் ஒரு பொறி உண்டு. பின்னால் கூடுதல் பெட்டிக்கான சாக்கெட் இருப்பதாலேயே எந்தப் பெட்டியையும் செருகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் சுமைதான். உள் ஸ்பீக்கர் 8 ஓம், ஆம்ப்பின் குறைந்தபட்சம் 4 ஓம் என்றால் இன்னொரு 8 ஓம் பெட்டிக்கு இடமுண்டு. உள் ஸ்பீக்கரே 4 ஓம், குறைந்தபட்சமும் 4 ஓம் என்றால் வெளிப் பெட்டிக்கு இடமே இல்லை, உள் ஸ்பீக்கரைக் கழற்றினால் ஒழிய. இரட்டைச் சேனல் பவர் ஆம்ப்பைப் பிரிட்ஜ் முறையில் (இரு சேனல்களையும் ஒன்றாக இணைத்து) ஒரே பெட்டிக்குக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: அந்த முறையில் ஒவ்வொரு சேனலும் பெட்டியின் ஓமில் பாதியைத்தான் காண்கிறது. 4 ஓம் பெட்டி அங்கே 2 ஓம் போலத் தெரியும்.

சத்தம் போதவில்லை

எல்லோரும் சொல்லும் குறை இது. காரணங்கள் பலவாக இருப்பதால் வரிசையாகப் போவது நல்லது.

முதலில், ஆம்ப் தன் முழுத் திறனைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். எஃபெக்ட் லூப் (வெளி எஃபெக்ட் கருவிகளை இடையில் இணைக்கும் சாக்கெட்டுகள்) இருக்கும் ஆம்ப்களில், அதில் எதையும் செருகாதபோது ஒலி சாக்கெட்டின் உள்ளே இருக்கும் ஒரு சிறு தொடர்புத் தகடு வழியாகத்தான் கடந்து செல்கிறது. அந்தத் தகட்டில் துரு ஏறினால் ஒலி மெலியும், சில நேரம் கரகரக்கும். ஒரு குட்டைக் கேபிளை லூப்பின் 'சென்ட்' துளையிலிருந்து 'ரிட்டர்ன்' துளைக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒலி உடனே எழுந்தால் குறையைக் கண்டுபிடித்தாயிற்று. சாக்கெட்டைத் தொடர்பு சுத்திகரிப்புத் திரவத்தால் துடைத்தால் போதும்.

அடுத்தது ஓம். 4 ஓமில் 500 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்ப்பை ஒரே ஒரு 8 ஓம் பெட்டியுடன் வாசித்தால், அதே 44.7 வோல்ட்டில் கிடைப்பது 250 வாட் அளவுதான். இது குறையன்று, ஆனால் வாங்கும்போது ஆம்ப்பில் அச்சிட்ட பெரிய எண்ணை மட்டும் பார்த்தவருக்கு ஏமாற்றம். அதேநேரம் இந்த இழப்பை மிகைப்படுத்தவும் வேண்டாம். திறன் பாதியானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்கு உரத்ததாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 300 வாட் ஆம்ப்பைக் கொடுத்துவிட்டு 600 வாட் ஆம்ப் வாங்குபவர் பெறுவதும் அதே 3 டெசிபல்தான்.

இங்கேதான் பெட்டியின் உணர்திறன் என்ற எண் கவனத்துக்கு வருகிறது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 97 டெசிபல் பெட்டிக்குப் பதிலாக 100 டெசிபல் பெட்டியை வைத்தால், ஆம்ப்பை மாற்றாமலேயே வாட்டை இருமடங்காக்கிய பலன் கிடைக்கும். முடிந்தவரை அளவீட்டு வரைபடத்தையும் பாருங்கள். நடு அதிர்வெண்ணில் எடுத்த ஓர் எண்ணை மட்டும் விளம்பரப்படுத்தும் பெட்டிகள் தாழ் ஒலியில் அதே அளவு தருவதில்லை.

அதே மாதிரி இரண்டாவது பெட்டியை அருகே சேர்ப்பது இன்னும் பலன் தரும். ஆம்ப் தாங்கும் ஓமுக்குள் இருந்தால், முதல் பெட்டிக்குப் போகும் திறன் குறையாமல் இரண்டாவதற்கும் அதே திறன் போகிறது. அதில் 3 டெசிபல். கோன்களின் பரப்பு இருமடங்காகி, நெருங்கி நின்று ஒன்றாக நகர்வதால் தாழ் அதிர்வெண்களில் மேலும் 3 டெசிபல் வரை. ஆக 6 டெசிபல் வரை கிடைக்கிறது. என்னைக் கேட்டால், கையில் உள்ள பணத்தை ஆம்ப்பில் போடுவதா பெட்டியில் போடுவதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே விடை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது இடம். பெட்டி சுவரிலிருந்து விலகி நின்றால், பின்னால் சென்று சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, முன்னால் வரும் ஒலியுடன் எதிர்க் கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணை விழுங்கிவிடும். ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இடையே 1 மீட்டர் இருந்தால் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாவது மடங்கு 82.4. பெரும்பாலான பேஸ் பெட்டிகள் 41 ஹெர்ட்ஸை முழு வலுவோடு தருவதில்லை என்பதால், ஈ தந்தியின் ஒலியாக நாம் கேட்பதில் பெரும்பங்கு அந்த இரண்டாவது மடங்கையே சார்ந்திருக்கிறது. அதுவே விழுங்கப்பட்டால், ஈ, எஃப் ஸ்வரங்கள் மட்டும் காணாமல் போய், ஏ, டி ஸ்வரங்கள் நன்றாகக் கேட்கும். "சில ஸ்வரங்கள் மட்டும் எழவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பெட்டி எங்கே நிற்கிறது என்பதைத்தான். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இந்தப் பள்ளம் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே நகர்ந்துவிடும். அங்கே ஒலி பின்னோக்கிப் பரவுவது குறைவு என்பதால் பாதிப்பும் குறையும்.

இன்னொரு சிறு விஷயம். பெட்டி முழங்கால் உயரத்தில் ஒலிக்கிறது, காது தலை உயரத்தில் இருக்கிறது. கால்சட்டைக்குக் கேட்கும் நடு அதிர்வெண்கள் காதுக்குக் கேட்பதில்லை. பெட்டியை உயர்த்துவதோ சாய்ப்பதோ, ஈக்யூவில் (ஒலியின் தாழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) நடுப்பகுதியைக் குறைத்து வைத்திருந்தால் அதைச் சமநிலைக்குக் கொண்டுவருவதோ, செலவில்லாமல் கிடைக்கும் வாட்.

இரண்டாவது பெட்டியைச் சேர்த்ததும் தாழ் ஒலி மெலிந்துவிட்டது

சேர்க்கச் சேர்க்க ஒலி கூடத்தான் வேண்டும். குறைந்தால், இரண்டு பெட்டிகளில் ஒன்றின் துருவம் மாறியிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒன்றின் கோன்கள் முன்னே தள்ளும்போது மற்றதன் கோன்கள் பின்னே இழுக்கின்றன. அலைநீளம் நீண்ட தாழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மேல் அதிர்வெண்கள் மட்டும் தப்பிப் பிழைக்கின்றன.

பெட்டியை ஆம்ப்பிலிருந்து கழற்றி, அதில் செருகிய ஸ்பீக்கர் கேபிளின் மறுமுனையில் ஒரு 9 வோல்ட் மின்கலத்தைக் கணநேரம் மட்டும் தொட்டு எடுங்கள். நேர்முனை ஜாக்கின் நுனியிலும், எதிர்முனை அதன் உடலிலும் பட வேண்டும். ஸ்பீக்கான் (திருப்பிப் பூட்டும் வகை ஸ்பீக்கர் இணைப்பி) என்றால் முறையே 1+, 1− ஆகியவற்றில். முன்வலையின் ஊடே டார்ச் அடித்துப் பார்த்தால் கோன் ஒரு துள்ளல் துள்ளுவது தெரியும். எல்லாக் கோன்களும் முன்னோக்கித் துள்ள வேண்டும். ஒரு பெட்டி முழுவதும் பின்னோக்கித் துள்ளினால் சாக்கெட்டுக்குப் போகும் இணைப்பு மாறியிருக்கிறது. பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்பீக்கர் மட்டும் எதிர்த்திசையில் துள்ளினால் யாரோ அதைப் பழுதுபார்த்தபோது கம்பிகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கோன் பின்னோக்கிப் போகும்படியே அந்நாளில் செய்திருந்தார்கள். அவற்றைப் புதிய ஸ்பீக்கர்களோடு கலப்பவர் சிவப்பை நம்பாமல் துள்ளலை நம்ப வேண்டும். மேல் அதிர்வெண்களுக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டரை இந்தச் சோதனையில் கணக்கில் கொள்ள வேண்டாம்.

ஒரு பெட்டி திணறுகிறது, மற்றது சும்மா இருக்கிறது

8 ஓமையும் 4 ஓமையும் பக்க இணைப்பில் கலந்தால், 4 ஓம் பெட்டி மற்றதைப் போல இரண்டு மடங்கு திறனை எடுத்துக்கொள்ளும். ஆம்ப் 2.67 ஓமைத் தாங்குவதாகவே இருந்தாலும், பங்கீடு இப்படித்தான் இருக்கும். 4 ஓம் பெட்டி சிறியதாக இருந்தால் முதலில் பலியாவது அதுதான்.

ஓம் சமமாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட 8 ஓம் பெட்டியோடு ஒரு 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 8 ஓம் பெட்டியை அடுக்குவது நெடுநாளைய வழக்கம். 15 அங்குலம் தாழ் ஒலிக்கு, 10 அங்குலம் பளிச்சென்ற ஒலிக்கு என்பது அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. ஆனால் தாழ் ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்தனுப்பும் பிரிப்பான் எதுவும் இடையில் இல்லாததால் இரண்டு பெட்டிகளுக்கும் போவது ஒரே சமிக்ஞை, ஒரே திறன். 400 வாட் செலுத்தினால் 10 அங்குல ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் 50 வாட். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே 200 வாட்டைச் சுமக்க வேண்டும். அதனால் எல்லையை முதலில் தொடுவது பெரும்பாலும் பெரிய ஸ்பீக்கர்தான். தவிர, வெவ்வேறு வடிவமைப்புக் கொண்ட இரு பெட்டிகள் ஒரே அதிர்வெண்ணில் வெவ்வேறு கட்டத்தில் ஒலிப்பதால் சில ஸ்வரங்கள் தடித்தும் சில மெலிந்தும் வரும். ஸ்பீக்கரின் விட்டம் மட்டும் அது எவ்வளவு தாழப் போகும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பெட்டியின் கன அளவும், போர்ட் (பெட்டியில் காற்று போய்வர விட்ட துளை) எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஸ்பீக்கரின் தன்மையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்தக் கலவையின் ஒலி சிலருக்குப் பிடிக்கும், அதில் தவறில்லை. பிடிக்கிறது என்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தாழ் ஒலிக்காக அன்று.

தாழ் ஸ்வரங்களில் தட்டும் ஒலி, பொருமல், கிறீச்சொலி

ஒரே சொல்லால் சொல்லப்படும் மூன்று வேறு குறைகள் இங்கே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதிலேயே பாதி வேலை முடிகிறது. முதலில் ஆம்ப்பில் ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். அங்கும் அதே ஒலி வந்தால் அது தந்தி ஃப்ரெட்டில் உரசும் ஒலியாகவோ ஆம்ப்பின் குறையாகவோ இருக்கும், பெட்டியை விட்டுவிடுங்கள்.

பெட்டியில்தான் என்றால், ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி வாசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும், சிறிய ஒலியளவிலும் அதிர்ந்தால், ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. ஒருவரை அந்த ஸ்வரத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, நீங்கள் முன்வலை, கைப்பிடி, மூலைத் தகடு, பின்பக்கத் தகடு என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். கை பட்டதும் ஒலி நிற்கும் இடமே குறையுள்ள இடம். உள்ளே தளர்ந்து தொங்கும் கம்பி கோனின் பின்புறத்தைத் தட்டுவதும் இதே வகைதான். மூடிய பெட்டியில் திருகு தளர்ந்து காற்று கசிந்தால் 'புஸ்' என்ற ஒலி வரும்.

எல்லா ஒலியளவிலும், எல்லாத் தாழ் ஸ்வரத்திலும் உரசுவதுபோல் கேட்டால் வாய்ஸ் காயில் தன் இடைவெளியில் உரசுகிறது. முன்வலையைக் கழற்றி, கோனின் நடுவிலுள்ள மூடியைச் சுற்றி விரல்களைச் சமமாகப் பரப்பி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் உள்ளே அழுத்தி விடுங்கள். நல்ல ஸ்பீக்கர் ஓசையின்றி உள்ளே போய்த் திரும்பும். கெட்டது உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல் கரகரக்கும். கரகரத்தால் வாய்ஸ் காயிலைப் புதிதாகச் சுற்றுவது அல்லது புதிய ஸ்பீக்கர்தான் வழி.

மூன்றாவது, ஒலியளவை ஏற்றும்போது மட்டும், அதுவும் ஈ, பி தந்திகளில் 'டொக்' என்று அடிப்பது. கோன் தன் நகர்ச்சி எல்லையைத் தாண்டுகிறது என்பதற்கு இது அடையாளம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெட்டியின் மேல் "500 வாட்" என்று எழுதியிருக்கையில் 300 வாட் ஆம்ப்பிலேயே இப்படி அடிப்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் வாட், வாய்ஸ் காயில் எரியாமல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கான எண். கோன் எவ்வளவு தூரம் நகர முடியும் என்பது வேறு எல்லை. தாழ் ஒலியில் அந்த எல்லை வெப்ப எல்லைக்கு வெகு முன்பே வந்துவிடும், எழுதியிருக்கும் வாட்டில் பாதியிலேயோ அதற்கும் கீழேயோ கூட. ஒரே உரப்பைத் தர, ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். போர்ட் உள்ள பெட்டியில் நிலைமை இன்னும் கடினம்: போர்ட்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப்பிடிப்பதில்லை. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 30.9 ஹெர்ட்ஸ், பல பெட்டிகளின் போர்ட் அதற்கு மேலேதான் அமைந்திருக்கிறது.

இதன் மேல் ஆம்ப்பின் பேஸ் குமிழையும் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். 12 டெசிபல் ஏற்றுவது என்றால் அந்தப் பகுதிக்கு ஏறத்தாழ 16 மடங்கு திறனைக் கேட்பது. ஆகவே முதல் மருந்து பேஸ் குமிழை நடுநிலைக்குக் கொண்டுவருவது. இரண்டாவது, 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். ஆம்ப்பிலேயே இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் பெடலாகக் கிடைக்கிறது. கேட்கும் ஒலியில் இழப்பு மிகச் சிறியது, கோனுக்குக் கிடைக்கும் நிம்மதியோ பெரியது. மூன்றாவது, அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று.

ஒலி விட்டு விட்டு வருகிறது

ஆம்ப்பையும் பெட்டியையும் இணைக்கும் கேபிளில் பார்வையை வையுங்கள். கிட்டார் கேபிளும் ஜாக் பொருத்திய ஸ்பீக்கர் கேபிளும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஜாக்கின் மூடியைத் திருகிக் கழற்றினால் வித்தியாசம் தெரியும்: ஸ்பீக்கர் கேபிளில் சம தடிமனுள்ள இரண்டு கம்பிகள் இருக்கும், கிட்டார் கேபிளில் நடுவே ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுற்றிப் பின்னிய வலையும் இருக்கும். அந்த மெல்லிய கம்பி ஸ்பீக்கருக்கான மின்னோட்டத்தில் சூடாகி, சுற்றியுள்ள உறை இளகி, வலையோடு ஒட்டிக் குறுக்குச்சுற்று ஆகலாம்; ஆம்ப்பின் வெளியீடே போய்விடக்கூடும். குறுகிய தூரத்துக்கு 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும்.

ஸ்பீக்கான் இணைப்பு இதைவிட நம்பகமானது என்றாலும், செருகியபின் வலப்பக்கம் திருப்பிப் பூட்டவில்லை என்றால் தொடர்பு அரைகுறையாகவே இருக்கும். பூட்டியும் ஒலியே இல்லையென்றால் இணைமுனைகளைப் பாருங்கள்; நான்கு முனை ஸ்பீக்கானில் சில பெட்டிகள் 2+, 2− முனைகளை எதிர்பார்க்கும், ஆம்ப்போ 1+, 1− முனைகளில் தரும். டி வகுப்பு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் பலவற்றில் ஸ்பீக்கர் வெளியீட்டின் இரு முனைகளிலும் சமிக்ஞை ஓடுகிறது, எதிர்முனை நிலத்தோடு இணைந்ததல்ல. உலோக உடலுள்ள ஜாக் ஆம்ப்பின் பெட்டியில் பட்டாலும், ஸ்பீக்கர் வெளியீட்டை வேறு கருவியின் உள்ளீட்டில் கொடுத்தாலும் அதற்கு ஆபத்து.

ட்வீட்டர் மட்டும் அடிக்கடி அணைகிறது

ஒலி மந்தமாகிச் சில நிமிடத்தில் தானே பளிச்சென்று திரும்பினால், ட்வீட்டரைக் காக்கும் பாகம் செயல்பட்டிருக்கிறது. சில பெட்டிகளில் அதற்குச் சிறு பல்பைத் தொடரில் வைத்திருப்பார்கள். இருட்டில் போர்ட் வழியாக அது ஒளிர்வதைக் காணலாம். காரணம், ஆம்ப் க்ளிப் ஆகி (தன் எல்லையைத் தாண்டும் அலையின் உச்சியை வெட்டி) மேல் அதிர்வெண்களைக் கொட்டுவது, அல்லது டிஸ்டார்ஷன் பெடல். சிறிய ஆம்ப் பெரிய பெட்டியைக் கெடுக்கும் என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. முழுவதும் சதுரமாக வெட்டுப்பட்ட அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைப் போல இரண்டு மடங்கு திறன் தரும். 100 வாட் ஆம்ப் அதிகபட்சம் 200 வாட் அளவு தரலாம். 500 வாட் தாங்கும் பேஸ் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமில்லை, ட்வீட்டருக்குத்தான் அது அதிகம். பின்னாலுள்ள ட்வீட்டர் குமிழைக் குறைப்பதே பெரும்பாலும் போதுமானது.

வால்வு ஆம்ப் என்றால்

மேலே சொன்ன ஓம் விதி ட்ரான்சிஸ்டர், டி வகுப்பு ஆம்ப்களுக்கு உரியது. அவற்றில் குறைந்தபட்சத்துக்கு மேல் எதுவும் சரி. வால்வு ஆம்ப்பில் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், பெட்டிகளின் மொத்த ஓம் எதுவோ அதே ஓம் என்று குறித்த வெளியீட்டில்தான் இணைக்க வேண்டும். இரண்டு 8 ஓம் பெட்டிகள் என்றால் 4 ஓம் வெளியீடு. பெட்டியே இணைக்காமல் வாசித்தால் ட்ரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் மின்னழுத்தம் பொறி பறக்கவிட்டு அதையே எரித்துவிடலாம். எனவே கேபிளைச் செருகிய பிறகே ஆம்ப்பை இயக்குங்கள். வாசிப்பின் நடுவே ஒலி நின்றுபோனால், கேபிளை ஆட்டிப் பார்க்காமல் முதலில் ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் வேறு பெட்டிதான் வேண்டும்

மேற்கண்டவற்றைப் பார்த்து முடித்தபின்னும் குறை நீங்கவில்லை என்றால், அப்போது வாங்கலாம். ஒரு பெட்டியே என்றைக்கும் போதும் என்பவர், ஆம்ப்பின் குறைந்தபட்ச ஓமுக்குச் சமமான பெட்டியை எடுத்தால் முழுத் திறன் கிடைக்கும். நாளை இரண்டாவது பெட்டி சேர்க்கும் எண்ணமிருந்தால், 4 ஓம் ஆம்ப்புக்கு இன்றே 8 ஓம் பெட்டியை வாங்கிவிட வேண்டும். 4 ஓம் பெட்டியை வாங்கியவருக்கு வளர வழியில்லை. வாட் பொருத்தத்தில், பெட்டி தொடர்ந்து தாங்கும் வாட் ஆம்ப்பின் வாட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. பெட்டியில் உச்ச வாட்டை மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பல சிறிய ஸ்பீக்கர்கள் சேர்ந்து சுமையைப் பகிர்வது எப்படி என்பதற்கு 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி நல்ல சான்று. அதன் 300 வாட் ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) துணையாக வந்த மூடிய பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் 32 ஓம், எட்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 4 ஓம். ஒரு பெட்டியோடு வாசித்தால்கூட ஒரு ஸ்பீக்கரின் பங்கு 37.5 வாட்தான். எடைதான் அதன் விலை. இன்று நியோடிமியம் காந்தங்கள் எடையை வெகுவாகக் குறைத்துவிட்டதால், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஒரே மாதிரிப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி அடுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்: ஓம் கணக்கு எளிது, பங்கீடு சமம், மேல் பெட்டி காதுக்கு அருகே வந்துவிடுகிறது, ஸ்பீக்கர்கள் செங்குத்து வரிசையில் நிற்பதால் மேடையின் இரு பக்கமும் ஒரே ஒலி கேட்கிறது, சிறிய அரங்குக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லலாம்.